எட்டு மடங்கு வேகத்தில் கருப்பு

செப்டம்பர் 29, 2012, சனி

ஜெராக்ஸ் மிஷினுக்கு டோனர் வாங்கத் திருநெல்வேலிக்குப் போனால் அதோடு திரும்புவதில்லை, வேறு ஏதாவது ஒன்றும் பைக்குள் ஏறிவிடும். இன்று ஏறியது ‘விடாது கருப்பு’. ஜங்ஷனில் சந்துக்குள் இருக்கும் சின்ன டிவிடி கடை. வாசல் முழுக்கப் புதுப் பட போஸ்டர். என்ன படம் வேணும் என்று கேட்ட கடைக்காரரிடம், படம் இல்லை, சீரியல், மர்மதேசம் என்றேன்.

“சீரியலா? அதை யாரு அண்ணாச்சி இப்பம் கேக்கா?” என்றவர், கேட்டுக்கொண்டே ஸ்டூலைப் போட்டு ஏறினார். மேல் தட்டில் பக்திப் பாடல்களுக்குப் பின்னால் கிடந்தது. தூசியை வேட்டியிலேயே துடைத்துக் கொடுத்தார். ஒரிஜினலா, பர்மா பஜார் சரக்கா என்று உறையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. “பில்லு வேணும்னா போட்டுத் தாரேன்” என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது?

2007-இல் மோசர் பேயர் 34 ரூபாய்க்குப் பட டிவிடி விற்க ஆரம்பித்தபோது திருட்டுச் சரக்கு விற்றவர்களுக்கே வயிற்றைக் கலக்கியது. டீக்கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில்கூட சிவாஜி படம் தொங்கியது. அந்த யோகமெல்லாம் சினிமாவுக்குத்தான். அமெரிக்காவில் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடரின் முதல் வருஷத்து எபிசோடுகள் 2000-ஆம் ஆண்டே பெட்டியாக வந்து அலமாரியில் ஏறிவிட்டன. நம் ஊரில் சீரியல் என்றால் ஒளிபரப்பானதும் தீர்ந்துபோகிற பண்டம். நேற்றைய இட்லியை யாராவது பத்திரப்படுத்துவார்களா என்கிற கணக்கு.

மர்மதேசம் அந்தக் கணக்கில் சேராது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கினார். முதலில் ‘ரகசியம்’, நவபாஷாண லிங்கத்தைச் சுற்றிய கதை. அதை அடுத்து வந்தது ‘விடாது கருப்பு’. ‘விட்டுவிடு கருப்பா’ என்ற நாவலாக இருந்ததுதான் டிவியில் பெயர் மாறி வந்தது. தொண்ணூறுகளின் பின்பாதி, சன் டிவி. வாரம் ஒரு நாள். எங்கள் தெருவில் கேபிள் இழுத்த வீடுகள் கொஞ்சம்தான் என்பதால், அந்த ஒரு நாள் ராத்திரி மட்டும் சில வீடுகளின் திண்ணை கோயில் கொடை மாதிரி நிறைந்துவிடும். பார்த்து முடித்து வீடு திரும்பும்போது புளியமரத்தடி வந்ததும் பெரிய பையன்களே ஓடுவார்கள். ஓடவில்லை, அவசரமாக ஒன்றுக்கு வந்தது என்று மறுநாள் சொல்வார்கள்.

ஊருக்குள் நுழையும் முன்னே போலீஸ் பஸ்ஸை நிறுத்தினார்கள். அணு உலை எதிர்ப்புப் போராட்டத்துக்காகப் போட்ட 144 இன்னும் இருக்கிறது. போன 10-ஆம் தேதி இடிந்தகரைக் கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப்புகையும் நடந்த பிறகு, பையைத் திறக்காமல் யாரும் ஊருக்குள் போக முடிவதில்லை. அன்றைக்கே மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் செத்தார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

“என்ன சிடி இது? போராட்ட வீடியோவா?” என்றார் கான்ஸ்டபிள். பேச்சு மதுரைக்கு மேற்கே. உறையைத் திருப்பிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. “அட, கருப்பு! தம்பி, கடைசில அது யாருன்னு மட்டும் சொல்லிராதீங்க. எங்க ஊர்ல கேபிள்காரன் மாசக் காசு கட்டலைன்னு லைனை உருவிட்டான். கடைசி வாரம் நான் பார்க்கலை.”

பின்னால் பஸ்ஸில் ஒரு அம்மா, “விடுங்கய்யா, பிள்ளை பசியில அழுவுது” என்று சத்தம் போட்டதும்தான் பை கைக்கு வந்தது.

அக்டோபர் 1, திங்கள்

அணு உலையின் குவிமாடம் எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரியும். உள்ளே எரிபொருள் நிரப்பிக்கொண்டிருக்கிறார்களாம், 19-ஆம் தேதி தொடங்கியது. 1988-இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்ட காரியம். ஆயிரம் மெகாவாட் வரும், தமிழ்நாட்டுக்கே விடிவுகாலம் என்கிறார்கள். அந்த விடிவுகாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற எங்கள் தெருவில் ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் ஒரு மணி நேரம் இல்லை.

காரணம் காத்தாடி என்கிறார் பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன். ராதாபுரம், பணகுடி, முப்பந்தல் என்று சுற்றிலும் காற்றாலைக் காடுதான். ஆனியிலும் ஆடியிலும் காற்று வீசும்போது அவை சுற்றிக் கொடுத்த கரண்ட், புரட்டாசியில் காற்று விழுந்ததும் நின்றுபோகிறது. சாயங்காலம் மாடியில் நின்று பார்த்தால் அவர் சொல்வது சரிதான். ஒன்றுகூட அசையவில்லை.

ராத்திரி எட்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் முதல் தட்டைப் போட்டேன். ரெஹானின் டைட்டில் இசை தொடங்கியதும் ஆச்சி எழுந்து விளக்கு மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். என் மகள், ஏழாம் வகுப்பு, “இதுக்கா பயந்தீங்க?” என்கிற முகத்தோடு முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். படம் மங்கல். எபிசோடுகளைத் திணித்து ஏற்றியிருப்பதால் யாராவது வேகமாகத் திரும்பினால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. இருட்டுக் காட்சிகளில் கருப்பு எங்கே, இருட்டு எங்கே என்றே தெரியவில்லை.

நல்லவேளை, நாகா இருட்டை நம்பிப் பயமுறுத்துகிறவர் இல்லை. இந்தத் தொடரில் பயம் வெயிலில் வருகிறது. காய்ந்த கண்மாய், பொட்டல், ஆள் இல்லாத ஒற்றையடிப் பாதை, தூரத்தில் குளம்புச் சத்தம். உச்சி வேளையில் தனியாகப் போகாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு இது புரியும். சென்னையில் பார்த்தவர்களுக்கு அது அழகான லொக்கேஷன். எங்களுக்கு அது பள்ளிக்கூடம் போகிற வழி.

கருப்பசாமி கோயிலுக்குப் போய் அருவாளை... ஒன்பது மணி. கரண்ட் போய்விட்டது.

அக்டோபர் 3, புதன்

டிவிடி பிளேயருக்கு ஞாபகசக்தி கிடையாது. கரண்ட் போய் வந்தால் எங்கே விட்டோம் என்பதை மறந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும். விட்ட இடத்தைப் பிடிக்க ரிமோட்டில் எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டுகிறேன். சத்தமே இல்லாமல் எல்லோரும் வெட்டுக்கிளி மாதிரித் துள்ளுகிறார்கள். பேச்சிக் கிழவி வாய் ஓயாமல் மென்றுகொண்டே இருக்கிறாள். சேத்தனும் தேவதர்ஷினியும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்துத் திரும்புகிறார்கள். (பிற்பாடு நிஜத்திலும் கல்யாணம் செய்துகொண்டார்கள். இந்த வேகத்தில் பார்த்தாலும் ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது.) சில சமயம் கை நிதானம் தவறி விட்ட இடத்தைத் தாண்டிவிடுகிறேன். இன்னும் வராத காட்சி ஒன்று கண்ணில் அடிக்கிறது. தரையில் ஒரு ஆள், மேலே ஒரு நிழல், அவ்வளவுதான். உடனே பின்னால் ஓட்ட வேண்டும்.

முறுக்குத் தின்றவள் அந்த அரை நொடிக்குத்தான் பயந்தாள். அது யாரு, ஏன் விழுந்து கெடக்கான் என்று ராத்திரி முழுக்கக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும், சொல்லவில்லை.

முழுக் கதையும் கையில் இருக்கிறது, நினைத்தபோது பார்க்கலாம் என்றுதான் காசு கொடுத்து வாங்கினேன். அப்படிப் பார்த்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விழுங்கிவிட்டு, “பரவால்ல, இப்பவும் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி அலமாரியில் வைத்திருப்பேன். அன்றைக்கு எங்களைப் பிடித்து ஆட்டியது அந்த அரை மணி நேரம் இல்லை. அதற்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவில் கிடந்த நாட்கள்தான். கணக்கு வாத்தியாரிலிருந்து பால்காரர் வரை ஒவ்வொருவரிடமும் ஒரு சந்தேக ஆள் இருந்தான். அந்த இடைவெளியை எந்தக் கம்பெனியாலும் டிவிடியில் போட்டுத் தர முடியாது. மின்வாரியம் ஒரு பைசா வாங்காமல் போட்டுத் தந்திருக்கிறது.

அக்டோபர் 8, திங்கள்

இன்று கடல் வழியாக முற்றுகை. படகுகளில் கருப்புக்கொடி கட்டி உலைக்கு எதிரே கடலில் நின்றார்கள். கடையில் வியாபாரம் இல்லை. வந்த இரண்டொருவரும் கோர்ட் சம்மன் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள். கரண்ட் இல்லாததால் அவர்களையும் உட்கார வைத்திருந்தேன். உட்கார்ந்தவர்கள் பேச்சு உலையில் ஆரம்பித்துக் கருப்பில் வந்து நின்றது. இடிந்தகரைக்காரர் ஒருவர், லூர்து மாதா கோயில் பந்தலில் ஒரு வருஷமாக உட்கார்ந்திருப்பவர், “நாங்களும் பார்த்தோம்லா. மாதா கோயில் மணி அடிச்சாலும் எந்திரிக்க மாட்டோம்” என்றார்.

ராத்திரி ஆச்சிக்குக் கோபம். கருப்பு எல்லோரையும் ஏன் இப்படித் தேடித் தேடி அடிக்கிறது என்பது அவள் வழக்கு. “அது மதுரைப் பக்கத்துச் சாமிடா. நம்ம சுடலை குதிரையா கேட்டாரு? நடந்தே போவாரு.”

அவள் சொல்வது கொடையில் சாமி வேட்டைக்குப் போவதை. நடுச்சாமம். கணியான் மகுடத்தின் தாளம் ஏற ஏற, சாமியாடி வல்லயத்தையும் தீப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு சுடுகாட்டுப் பக்கம் ஓடுவார். யாரும் எதிரே வரக் கூடாது. தெருவில் கதவெல்லாம் சாத்திவிடுவார்கள். சின்ன வயதில் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்து நானும் பார்த்திருக்கிறேன். கச்சையில் கட்டிய மணியின் சத்தமும் ஒரு வெளிச்சமும் கடந்து போகும். மறுநாள் காலை அதே மனுஷர் எங்கள் எதிர்க்கடையில் முழங்கை வரை சந்தனம் ஒட்டிக் கிடக்க, உளுந்து எடை போட்டுக்கொண்டிருப்பார். “என்ன மாமா, ராத்திரி பயங்கரமா இருந்துதே” என்றால், “அப்படியா? எனக்கு என்னலே தெரியும்” என்பார்.

தொடரின் முடிவு எனக்கு உறுத்துவது இங்கேதான். சிறுவன் கதையையும் பெரியவன் கதையையும் மாற்றி மாற்றிக் காட்டி, இரண்டும் ஒரே காலம் என்று நம்ப வைத்து, கடைசியில் அந்தச் சிறுவன்தான் பெரியவனான இந்த ராஜேந்திரன் என்று அவிழ்க்கிற இடம், தமிழ்த் தொலைக்காட்சியில் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்காத கெட்டிக்காரத்தனம். அதில் குறை இல்லை. ஆனால் ஒரு ஆளுக்குள் இரண்டு ஆள், சின்ன வயதில் மனதில் விழுந்த அடி என்று டாக்டர் விளக்கும்போது எனக்கு உளுந்து மாமா ஞாபகம் வந்துவிடுகிறது. அவருக்கு என்ன அடி விழுந்தது? ஊர் ஒரு ராத்திரி அவரிடம் சாமியைக் கொடுத்து வைக்கிறது, விடிந்ததும் வாங்கிக்கொள்கிறது. டாக்டரின் விளக்கத்தில் ஊருக்கு வேலையே இல்லை. இந்திரா சௌந்தர்ராஜனுக்கும் இது தெரியாமல் இல்லை. எல்லாவற்றையும் விளக்கிவிட்டு ஒரு சிட்டிகை சந்தேகத்தை மிச்சம் வைப்பது அவர் வழக்கம். அந்தச் சிட்டிகைதான் ஆச்சிக்குப் போதுமானதாக இருக்கிறது.

அக்டோபர் 14, ஞாயிறு

கான்ஸ்டபிள் கடைக்கு வந்தார். லீவு லெட்டருக்கு ஜெராக்ஸ். காசு கொடுத்துவிட்டும் நின்றுகொண்டே இருந்தார். கடைசித் தட்டை எடுத்துக் கொடுத்தேன். கல்யாண மண்டபத்தில்தான் தங்க வைத்திருக்கிறார்களாம், சமையல்காரரிடம் பிளேயர் இருக்கிறதாம்.

அக்டோபர் 17, புதன்

தட்டு திரும்பி வந்தது, உறையில் சாம்பார்க் கறையோடு.

“எப்படி இருந்துச்சு?”

“நல்லாத்தான் எடுத்திருக்காங்க.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா தம்பி, பதினஞ்சு வருஷமா நானே ஒரு முடிவு வச்சிருந்தேன். அதுல கருப்பு நிஜமாவே வந்துச்சு. அது இதைவிட நல்லா இருந்துச்சு.”

அப்படியானால் பார்க்காமலே இருந்திருக்கலாமே என்றேன். “எப்படிங்க இருக்கிறது?” என்று சிரித்தார். அடுத்த வாரம் வேறு போலீஸ் கம்பெனி வருகிறதாம், இவர்கள் ஊர் திரும்புகிறார்களாம். ‘ரகசியம்’ எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போனார்.

அக்டோபர் 20, சனி

குலசை தசரா தொடங்கியாயிற்று. கடை வாசலில் காளி வந்து நின்றது. சடைமுடி, தகரக் கிரீடம், கன்னத்தில் பிதுங்கும் கோரைப்பல், நெஞ்சு வரை தொங்கும் நாக்கு. முத்தாரம்மனுக்கு வேஷம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, சூரசம்ஹாரத்தன்று குலசேகரன்பட்டினத்தில் சேர்க்க வேண்டும். தட்டில் பத்து ரூபாய் போட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டேன். காளி நகரவில்லை. நாக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணாச்சி, ஏர்செல் முப்பது ரூபாய்க்கு ஏத்துங்க” என்றது. அப்புறம்தான் தெரிந்தது, கீழத்தெரு பையன்.

ரீசார்ஜ் ஏறும்வரை நின்றவன், “கருப்பு டிவிடி உங்ககிட்டதானே?” என்றான்.

இருந்தது. இப்போது ஊரிடம் இருக்கிறது. வீட்டுக்கு ஒன்றாகக் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள். கடன் நோட்டின் பின்பக்கத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறேன், ஆனால் கைமாறிக் கைமாறிப் போனதில் கணக்கு குழம்பிவிட்டது. முதல் தட்டை முடித்தவருக்கு நாலாவது கிடைத்திருக்கிறது. மூன்றாவது வைத்திருப்பவர் இரண்டாவதைத் தேடி அலைகிறார். டீக்கடையில் கதையை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். பதில் தெரிந்தவர்களை வாயைத் திறக்க விடுவதில்லை.

“மூணாவதுதான் இருக்கு. எடுத்துட்டுப் போ.”

“இப்பம் வேண்டாம். விரதம்லா, வேஷத்தோட பார்க்கக் கூடாதுன்னு அம்மா வையுவா. சூரசம்ஹாரம் முடிஞ்சு வாரேன்.” நாக்கை மாட்டிக்கொண்டவன் மறுபடியும் கழற்றினான். “ரெண்டாவது யாருகிட்ட இருக்கு?”

வள்ளியூர் பஸ் டிரைவர் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அவர் மச்சான் பணகுடிக்குக் கொண்டுபோய்விட்டதாகவும் சொல்கிறார்கள். காணிக்கைக்கு அந்தப் பக்கம் போனால் விசாரித்துப் பார் என்று சொல்லி அனுப்பினேன்.