உயரமானவன் ஒருவன், சுற்றிவரச் சின்னவர்கள்



"சேர், நீங்க ஸ்டேட்டஸில போடுற அந்த முட்டைப் பந்து விளையாட்டு ரக்பியா?" என்று கேட்டு கேட்டே பலர் களைத்துப்போனீர்கள். ரக்பி இல்லை. அது அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம், ஏ.எஃப்.எல். இன்றைக்கு அதைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். நேரமிருப்பவர்கள் வாசியுங்கள். நம்முடைய பிள்ளைகளின் உதைபந்தாட்டத் தெரிவு பற்றியும் நடுவில் ஒரு விசயம் வரும்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் மைதானத்தை நீட்டிவிட்ட மாதிரி ஒரு மைதானம். ஓர் அணியில் 18 பேர். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக்கம்பங்கள் இரண்டுக்கும் இடையால் உதைத்தால் கோல், ஆறு புள்ளி. பக்கத்து இடைவெளியால் போனால் ஒரு புள்ளி. ஓஃப்சைட் கிடையாது. 15 மீற்றருக்குக் குறையாமல் உதைக்கப்பட்டு வரும் பந்தை நிலத்தில் படவிடாமல் பிடித்துவிட்டால் அதற்குப் பெயர் 'மார்க்'. பிடித்தவனை அதற்குப் பிறகு யாரும் தொட ஏலாது. ஆறுதலாகப் பின்னுக்குப் போய், குறிபார்த்துக் கோலுக்கு உதைக்கலாம். அதனால்தான் முன்வரிசைக்கு ஆள் எடுக்கும்போது முதலில் உயரத்தைப் பார்க்கிறார்கள். மேலே எட்டிப் பிடிப்பவனுக்குத்தான் கோல் என்பது அங்கே பழைய கணக்கு.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடிக்கக் காரணம் தங்கையின் மாப்பிள்ளை. மெல்பேர்னில் டண்டினோங் பக்கம் இருக்கிறார். அவர் கொலிங்வூட், நான் றிச்மண்ட். நான் றிச்மண்ட் ஆனதற்குக் காரணம் பஷார் ஹூலி. லெபனான் வம்சாவளி முஸ்லிம் பிள்ளை, தன் மார்க்கத்தை மறைக்காமல் கடைப்பிடித்தபடியே அந்த உச்ச மட்டத்தில் விளையாடி, 2017, 2019, 2020 என்று மூன்று கிண்ணம் எடுத்தவர். சும்மா பெயரைப் பார்த்து ஆதரிக்கத் தொடங்கினேன். பிறகு ஆட்டமே பிடித்துப்போனது.

றிச்மண்டும் கொலிங்வூட்டும் மெல்பேர்னில் அயல் அயல் ஊர்கள். பழைய தொழிலாளர் குடியிருப்புகள். இரண்டு அணிகளின் பயிற்சி இடங்களுக்கும் இடையில் நடந்தே போகலாம். பக்கத்து ஊர்ப் பகை எப்படியிருக்கும் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. 1980 இறுதிப் போட்டியில் றிச்மண்ட் 81 புள்ளிகளால் கொலிங்வூட்டை அடித்தது. அன்றைக்கு ஏழு கோல் போட்ட கெவின் பார்ட்லெட் 33 வயதுக்காரர், ஆளும் சிறிய உருவம். அதற்குப் பிறகு 37 வருடம் றிச்மண்டுக்குக் கிண்ணமே இல்லை.

2016 இல் றிச்மண்ட் 13 ஆம் இடம். பருவம் முடிந்ததும் உயரமான முன்வரிசைக்காரர் டை விக்கரி வேறு அணிக்குப் போய்விட்டார். இன்னொரு உயரமானவர் பென் கிரிஃபித்ஸுக்குத் தலையில் அடிபட்டு விளையாட முடியாத நிலை. மிஞ்சியது ஜெக் ரீவோல்ட் ஒருவர்தான், 193 சென்ரிமீற்றர். அவரைச் சுற்றி டேன் பட்லர், ஜேசன் கஸ்டானியா, டேனியல் ரியோலி என்று சின்னப் பொடியன்கள். பயிற்றுவிப்பாளர் டேமியன் ஹார்ட்விக்கைப் பெரிய மேதை என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். என் அபிப்பிராயம், முதலில் வந்தது இல்லாமை, மேதைமை பிறகுதான் வந்தது. வீட்டில் இருக்கிற சாமானை வைத்துக் கறி ஆக்குவது போல.

அந்தக் கறியின் பக்குவம் இதுதான். பந்தை உயரமாக ரீவோல்டிடம் அடிப்பார்கள். இரண்டு மூன்று பேர் அவரை மறிப்பார்கள். அவர் மார்க் பிடித்தால் நல்லது. பிடிக்காவிட்டால், எதிரணியும் பிடிக்காமல் பந்து கீழே விழவேண்டும், அவ்வளவுதான். அது விழுகிற இடத்துக்குச் சின்னவர்கள் எறும்பு மாதிரி வந்துவிடுவார்கள். எதிரணிக்காரன் குனிந்து பந்தை எடுத்தால் நிமிர விடமாட்டார்கள். பந்தோடு பிடிபட்டு, விடவேண்டிய முறையில் அதை விடாவிட்டால் அது தவறு. பிடித்தவனுக்கு ஃப்ரீ கிக், கோலுக்கு முன்னாலேயே. தப்பித்து உதைத்தாலும் அவசரத்தில் உதைத்த உதை எங்கே போகும்? பின்னால் காத்திருக்கும் அலெக்ஸ் றான்ஸிடமோ ஹூலியிடமோ வரும். அவர்கள் திருப்பி உள்ளே அடிப்பார்கள். ஹூலி பின்வரிசைக்காரர், ஆனால் அவருடைய ஆட்டம் முன்வரிசைச் சின்னவர்களின் ஓட்டத்தில்தான் தங்கியிருந்தது. இது எனக்கு விளங்க இரண்டு பருவம் எடுத்தது.

2017 இறுதிப் போட்டியில் எதிரே அடிலெய்ட். பட்டியலில் முதலிடம். டெய்லர் வோக்கர், ஜொஷ் ஜென்கின்ஸ் என்று உயரமான ஆட்கள். முதல் கால்பகுதியில் அவர்கள்தான் முன்னிலை. முடிவு 108-60, றிச்மண்ட்.

இந்த இடத்தில் நம்மூர் விசயம். இந்த வருடம் வலய மட்ட அணித் தெரிவுக்கு நான் கூட்டிப்போன பிள்ளைகளில் ஒருவன் ஒன்பதாம் தரம். கட்டை, மெலிவு. பத்து நிமிடம்கூட ஓடவிடவில்லை. "உயரம் காணாது, அடுத்த வருசம் பார்ப்பம்" என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டான்: "சேர், உயரம் இல்லாட்டி ஃபோர்வர்ட் விளையாட ஏலாதா?" அவனுடைய வாப்பா கடலுக்குப் போகிறவர். மகன் விளையாட்டால் ஏதாவது ஒரு வழி காண்பான் என்று நம்பியிருக்கிற குடும்பம். அடுத்த வருடம் என்பது அவனுக்குச் சும்மா ஒரு சொல் இல்லை.

கையால் பிடிக்கும் ஆட்டம் வேறு, நம்முடைய ஆட்டம் வேறு, ஒன்றை அப்படியே மற்றதில் ஒட்ட ஏலாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தெரிவாளர்கள் பார்த்தது பந்து காலில் இருந்த நேரத்தை மட்டும்தான். பந்து எதிராளியிடம் போனதும் அந்தப் பிள்ளை எத்தனை தரம் திரும்பி ஓடி அதைப் பறித்தான் என்று யாரும் எண்ணவில்லை. நான் எண்ணினேன். அந்தப் பத்து நிமிடத்துக்குள் நான்கு தரம். ஆசிரியர் கலாசாலையில் அவதானிப்புக் குறிப்பு எழுதப் பழக்கிய விரிவுரையாளர்களுக்கு அல்லாஹ் நன்மை செய்யட்டும்.

சரி, மச்சானின் பக்கத்தையும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் வீடியோ கோலில் ஏச்சு விழும்.

2017 இல் கொலிங்வூட்டும் 13 ஆம் இடம்தான். அடுத்த வருடம் அவர்கள் எழும்பினார்கள். 2018 செப்டெம்பர் 21, வெள்ளிக்கிழமை இரவு, எம்.சி.ஜி. மைதானத்தில் அரையிறுதி. றிச்மண்ட் அந்தப் பருவம் 22 போட்டிகளில் 18 வென்று முதலிடத்தில் இருந்த அணி. தோற்கும் என்று யாரும் நினைக்கவில்லை. கொலிங்வூட் பயிற்றுவிப்பாளர் நேதன் பக்லியிடம் மேசன் கொக்ஸ் இருந்தார். அமெரிக்கர், கல்லூரியில் கூடைப்பந்து விளையாடியவர், 211 சென்ரிமீற்றர். இரண்டாம் கால்பகுதியில் மட்டும் மூன்று கோல். பந்து வருகிற உயரத்துக்கு றான்ஸின் முஷ்டியே எட்டவில்லை. கீழே விழாத பந்தில் எறும்புகளுக்கு என்ன வேலை? சனம் "யூ.எஸ்.ஏ., யூ.எஸ்.ஏ." என்று கத்தியது. 97-58. அன்றிரவு நான் போனை அணைத்துவிட்டுத்தான் படுத்தேன்.

மச்சானின் வாதம் இதிலிருந்துதான் தொடங்கும்: "பார்த்தீங்களா, கடைசியில உயரம்தான்." எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. அன்றைக்கு நடுக்களம் முழுவதும் கொலிங்வூட் கையில். ஸ்டீல் சைட்பொட்டம் போன்றவர்கள் நெருக்கடியில்லாமல் தலையை நிமிர்த்திப் பார்த்து உதைத்தார்கள். டஸ்டின் மார்ட்டின் காலில் அடிபட்டபடி விளையாடினார். அப்படி அளந்து வருகிற பந்தைத்தான் கொக்ஸ் பிடித்தார். பக்கத்தில் ஜோர்டன் டி கோயி தனக்கென்று வெற்றிடம் வைத்துக்கொண்டு நின்றதும் உதவி. அடுத்த சனிக்கிழமை அதே கொலிங்வூட், அதே கொக்ஸ், இறுதிப் போட்டியில் வெஸ்ட் கோஸ்டிடம் 79-74 என்று தோற்றது. ஓர் ஆள் மேலே பிடிப்பதை மட்டும் நம்பியிருந்தால் பிடிபடாத நாளில் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. றிச்மண்டின் முறையில் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. ஆனால் கீழே விழாத பந்துக்குப் பதில் இல்லை.

ஹார்ட்விக் செய்ததை நான் இன்றைக்கும் ரசிக்கிறேன். கோல்ட் கோஸ்டிலிருந்து டொம் லின்ச் என்ற உயரமானவரை எடுத்தார். ஆனால் சின்னவர்கள் ஓடிப்பிடிக்கும் முறையைக் கைவிடவில்லை. 2019 இல் ரீவோல்ட் காயத்தில் பல போட்டிகள் இல்லாதபோது லின்ச் அந்தப் பருவத்தில் 63 கோல் போட்டார். இறுதிப் போட்டியில் றிச்மண்ட் 114, கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி 25. எதிரணி மொத்தம் மூன்றே மூன்று கோல். முன்வரிசை எவ்வளவு நல்லது என்று பார்க்க நான் எப்போதும் எதிரணியின் புள்ளியைத்தான் பார்ப்பேன். மச்சானுக்கு இது பிடிக்காது. அவருக்குக் கோல்தான் கணக்கு.

பிறகு நடந்தது இன்னும் சுவை. றிச்மண்டின் இரண்டாம் தர அணியை 2019 இல் வி.எஃப்.எல். சம்பியனாக்கிய கிரேக் மெக்ரே, 2022 இல் கொலிங்வூட்டின் தலைமைப் பயிற்றுவிப்பாளரானார். விளையாடிய காலத்தில் அவரும் ஒரு சின்ன ஃபோர்வர்ட். 2002, 2003 இறுதிப் போட்டிகளில் பிரிஸ்பேன் அணிக்காக இதே கொலிங்வூட்டைத் தோற்கடித்த அணியில் இருந்தவர். 2023 இறுதிப் போட்டியில் கொலிங்வூட்டுக்கு எதிரே பிரிஸ்பேன். ஜோ டேனிஹர், எரிக் ஹிப்வூட் என்று இரண்டு நெட்டையர்கள் அந்தப் பக்கம். ஆட்ட நாயகன் ஆனது யார் தெரியுமா? கொலிங்வூட்டின் பொபி ஹில். சின்ன உருவம். அதற்கு முந்திய வருடம்தான் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். நான்கு கோல். அதோடு ஒருவர் முதுகின் மேல் ஏறி ஒரு மார்க் வேறு. நெட்டையர்கள் பிடிக்கவேண்டிய மார்க் அது.

கணக்குப் பாட ஆசிரியர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு: பிரிஸ்பேன் 13 கோலும் 8 ஒற்றைப் புள்ளியும். கொலிங்வூட் 12 கோலும் 18 ஒற்றைப் புள்ளியும். 86-90. கோல் குறைவாகப் போட்டவர்கள்தான் வென்றார்கள். பந்தை அந்தப் பக்கத்திலேயே அடைத்து வைத்திருந்ததன் கூலி அந்தப் பதினெட்டு.

அன்று பின்னேரம் மச்சான் வொய்ஸ் அனுப்பினார்: "இப்ப என்ன சொல்றீங்க மச்சான்? எங்கட ஆளும் சின்ன ஆள்தானே!" பின்னால் தங்கையின் பிள்ளைகள் கத்துகிற சத்தம். நான் அனுப்பிய பதில்: "முபாறக் மச்சான். உங்கட பயிற்றுவிப்பாளர் அதுக்கு முன்னுக்கு எங்க வேலை செஞ்சவர் எண்டு ஒருக்காப் பாருங்க."

இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.