ஆறுமணிக்குருவி

திகனைக்கு அருகே, விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையோரம், மார்கழி விடியலில் பறவை பார்க்கப் புறப்பட்ட சிறு கூட்டத்தில் நாமும் இருந்தோம். 1985இல் திறந்துவைக்கப்பட்ட அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீரில் அமிழ்ந்து போயிற்று. அதன்மேல் இன்று நீர்க்காகங்கள் முக்குளிக்கின்றன.

வழிகாட்டி, தோட்டத்து லயத்தில் பிறந்த இளைஞர். இத்தீவையன்றி உலகில் வேறெங்கும் காணக்கிடைக்காத பறவைகள் 30க்கும் மேல் என்றார். அவற்றுள் ஒன்றான காட்டுக்கோழியைக் காட்டியதும் உடன்வந்த வெளிநாட்டார் கைதட்டாத குறைதான்!

அப்போது புதருக்குள்ளிருந்து இரட்டைச் சீழ்க்கை. ஆறுமணிக்குருவி! பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, இல்லையென்றே சொல்லத்தக்க வால். காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூவுவதால் அப்பெயர். இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் கடல் தாண்டி வருவது.

"ஐப்பசியில வரும், சித்திரையில போயிடும். இதுகிட்ட யாரும் கடதாசி கேக்கிறதில்ல, ஐயா" என்றார் இளைஞர்.

அவருடைய பாட்டனார் இம்மலையிலேயே பிறந்தவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்! பாட்டனாரின் தம்பி தலைமன்னாரில் கப்பலேறினார். பாட்டனார் இங்கேயே நின்றார். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அவர் கைக்குப் பத்திரம் வந்தது. வாசிக்கக் கண்பார்வை இருக்கவில்லை.

"சின்னத்தாத்தா குடும்பம் கோத்தகிரியில இருக்கு. அங்கயும் இந்தக் குருவி கத்துமாம், ஐயா."

நாம் தொலைநோக்கியைத் தாழ்த்தினோம். அது சருகைக் கிளறிக்கொண்டிருந்தது.