ஜிப்சிக்கு கேஸ்

அடி அண்ணாமலைல டீக்கடை மேஜைல இன்னிக்கு பெரிய ஆராய்ச்சி.
மச்சானோட பழைய கார்பரேட்டர் ஜிப்சிய கேஸுக்கு மாத்தலாமா?

மாத்தலாம்தான்.
மேட்டுல வண்டி சாஞ்சா கார்பரேட்டர் கிண்ணத்துல பெட்ரோல் ஒருபக்கமா ஒதுங்கும், இஞ்சின் திணறும்.
கேஸுக்குக் கிண்ணமே கிடையாது. அமெரிக்காவுல பாறை ஏறுற ஜீப்காரங்க சிலர் புரொப்பேன் போடுறது அதுக்குத்தான்.

நம்ம எல்பிஜில பியூட்டேனும் கலந்திருக்கும், பரவால்ல.
2000லயே சட்டம் திருத்தி அனுமதிச்சாச்சு. ஆர்.சி.ல ஏத்தணும். வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் பக்கம் மட்டும் போகவே கூடாது, மச்சான் கண்ணு அங்கதான் போவுது.

இவ்வளவும் விளக்கினது யாரு? டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டுற நான்.

சரி, பின்னாடி டேங்க் வெச்சுட்டா அத்தைய எங்க உக்கார வெக்கிறது?