சூடான வண்டியில் ஒளிந்த பழுது



நம்மிடம் இருப்பது கார்புரேட்டர் உள்ள பழைய சிறிய கார். வாரம் இருமுறை, ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும், உம்மாவை டயாலிசிஸ் சிகிச்சைக்காகக் கடையநல்லூரிலிருந்து தென்காசிக்கு அதில்தான் அழைத்துச் செல்கிறோம். சென்ற டிசம்பரில் அந்தக் கார் காலை வேளைகளில் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. ஸ்டார்ட்டர் நன்றாகவே சுழலும், என்ஜின் பிடிக்காது. சோக்கை முழுவதும் இழுத்து நாலைந்து முறை முயன்றால் ஓடத் தொடங்கும். சோக்கை உள்ளே தள்ளியதும் உதறிக்கொண்டு நின்றுவிடும். ஒருநாள் ஊர் எல்லையிலுள்ள வேகத்தடையில் அப்படியே நின்றுபோனது. பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்டு, உம்மா நம் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

நமக்குப் பல்லாண்டுகளாகப் பழக்கமான மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அடுத்த வாரமே அதே தொல்லை திரும்பியது. இரண்டாம் முறை அவர் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்போ ஒண்ணும் தெரியலையே, அஜரத்" என்றார். அன்றிரவு உணவு வேளையில், "வேண்டுமென்றே இழுத்தடித்துப் பணம் பறிக்கிறார்" என்று நாம் சொல்லிவிட்டோம். நம் மகன் அதைத் தன் நண்பர்களிடம் சொன்னான். பேச்சு இரண்டே நாளில் பட்டறையை எட்டியது. ஆதாரமின்றிப் பிறர்மீது தவறான எண்ணம் கொள்வது பாவம் என்று அந்த வாரம்தான் மத்ரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருந்தோம்.

மூன்றாம் நாள் மெக்கானிக்கிடமிருந்து தொலைபேசி வந்தது. "இன்னைக்கு ராத்திரி வண்டியை எடுக்காதீங்க, அஜரத். சுபுஹுக்குப் பிறகு நானே வீட்டுக்கு வாறேன். நான் வர்றவரைக்கும் சாவியைத் தொடாதீங்க." காரணம் அப்போது நமக்கு விளங்கவில்லை.

சொன்னபடியே வந்தார். முதலில் என்ஜினைத் தொட்டுப் பார்த்தார், நன்றாகக் குளிர்ந்திருந்தது. மீட்டரை வைத்து பேட்டரியைச் சோதித்தார், 12.5 வோல்ட் இருந்தது. ஸ்டார்ட்டர் தளர்வின்றிச் சுழன்றதால் பேட்டரியின் மீது குறையில்லை என்றார். ஏர் ஃபில்டரைக் கழற்றி, சோக் இழுக்கும்போது உள்ளிருக்கும் தகடு முழுவதும் மூடுகிறதா என்று பார்த்தார், மூடியது. ஒரு பிளக்கைக் கழற்றிக் காட்டினார். அதன் முனை வெளுத்திருந்தது. பெட்ரோல் மிகுந்தால் கரி படியும். காற்று மிகுந்தால் வெளுக்கும் என்று விளக்கினார். பிளக்கை மாட்டி என்ஜினை ஓடவிட்டு, குனிந்து காது கொடுத்தார். மெல்லிய சீறல் ஒலி கேட்டது. இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து செல்லும் சிறு ரப்பர் குழாய் ஒன்றின் முனையில் விரலை வைத்து மூடினார். உதறல் நின்றது. விரலை எடுத்தார், மீண்டும் உதறியது. குழாயில் நகக்கண் அளவு வெடிப்பு.

குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. ஆகவேதான் சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்து, பெட்ரோலின் விகிதத்தைக் கூட்டுகிறோம். வெடிப்பின் வழியே கணக்கில் வராத காற்று நுழைந்தால் அந்தக் கலவை மெலிந்துபோகும். மெதுவாக ஓடும்போது என்ஜின் நின்றுவிடும். சூடேறிய பின்போ பெட்ரோல் நன்கு ஆவியாவதால், அதே ஓட்டையோடும் ஒருவாறு ஓடும்.

"நீங்க எப்பவும் தென்காசி போயிட்டுத் திரும்புற வழியில வண்டியைக் கொண்டு வருவீங்க. சூடா வந்தா நோவு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

காய்ச்சல் இறங்கிய பின் நோயாளியை மருத்துவரிடம் காட்டிவிட்டு, அவருக்குக் கைராசி இல்லை என்று ஊரெல்லாம் சொன்னவர்களாக நாம் நின்றோம். பழுது எப்போது வருகிறது, குளிரிலா சூட்டிலா, சோக்கை இழுத்தபோதா தள்ளியபோதா என்று ஒரு வார்த்தை முறையாகச் சொல்லியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். மகனை அழைத்து, அவன் முன்னிலையிலேயே மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டோம். "காதுக்கு வந்துச்சு, அஜரத். அதான் வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழாயை மாற்றினார். அதன் விலை நூறு ரூபாய்கூட இல்லை. அவன் பேசிய நண்பர்களிடமும் உண்மையைச் சொல்லும்படி மகனை அனுப்பினோம்.

பழைய வண்டி வைத்திருப்போருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். காலையில் தொல்லை தரும் வண்டியை இரவே பட்டறையில் விட்டுவிடுங்கள். என்ன நேர்கிறது என்பதை ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள். ஒரே நேரத்தில் பல பாகங்களை மாற்றச் சொல்லாதீர்கள். எது குற்றவாளி என்றே தெரியாமல் போய்விடும். மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். அதன் புகை உயிரைப் பறிக்கும்.

இப்போது ஃபஜ்ருக்குப் பின் வண்டி முதல் முயற்சியிலேயே கிளம்புகிறது, அல்ஹம்துலில்லாஹ். அந்த வேகத்தடை வரும்போது மட்டும் உம்மா இன்னமும் நம் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய ஆரோக்கியத்திற்காக துஆ செய்யுங்கள்.