நீங்களே குண்டா இருக்கீங்களே டாக்டர்?

1/
எடையைக் குறைக்கச் சொல்றவங்க முதல்ல தன் எடையைக் குறைக்க வேண்டாமா? ஓபியில இந்தக் கேள்வி வராத வாரம் எனக்குக் கிடையாது. இன்னிக்கு இதுக்குக் கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

2/
முதல்ல என் கணக்கு. ஸ்ரீரங்கத்துல வீடு, காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில வேலை. ரெண்டு குழந்தைங்க. உயரம் 158 செ.மீ., எடை 76 கிலோ. பிஎம்ஐ 30. நம்ம மக்களுக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினா உடல் பருமன். ஆக நான் குண்டுதான். இதுல மறைக்க ஒண்ணுமில்லை, ஸ்டூல்ல உட்கார்ற எல்லாருக்கும் தெரியுது.

3/
பாட்டிங்க நேராவே கேட்டுடுவாங்க. "எனக்குச் சோத்தைக் குறைக்கச் சொல்றியே, நீ என்னம்மா திங்கிற?" நடுத்தர வயசு ஆண்கள் வாயால கேக்க மாட்டாங்க. "சரிங்க மேடம்"னு சொல்லிட்டு, மேலேயும் கீழேயும் ஒரு பார்வை பார்த்துட்டுப் போவாங்க. பக்கத்து அறையில தொப்பையோட உட்கார்ந்திருக்கிற ஆண் டாக்டர்கிட்ட இந்தக் கேள்வி ரொம்பக் குறைவாத்தான் போகுது. அதையும் குறிச்சு வெச்சுக்கோங்க.

4/
கேள்வி தப்பா? தப்பே இல்லை. "படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்"னு பழமொழி வெச்சிருக்கிற ஊர்க்காரங்க நாம. ஊருக்கு உபதேசம் செய்யறவங்களை நம்ம ஆளுங்களுக்கு என்னிக்குமே பிடிச்சதில்லை. அந்தச் சந்தேகம் பல போலிகள்கிட்டயிருந்து நம்மளைக் காப்பாத்தவும் செஞ்சிருக்கு.

5/
ஆனா ஒண்ணு யோசிங்க. கண்ணாடி போட்ட கண் டாக்டர்கிட்ட யாரும் "உங்க கண்ணையே சரி பண்ணலையே"ன்னு கேக்குறதில்லை. சொத்தைப் பல் இருக்கிற பல் டாக்டரும் பிழைச்சுக்கிறார். எடைன்னு வந்தா மட்டும் அது நோயா தெரியாம ஒழுக்கமா தெரியுது. குண்டா இருந்தா சோம்பேறி, வாயைக் கட்டத் தெரியாதவர்னு முடிவு கட்டிடறோம்.

6/
இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகள், ஆளுக்கு ஆள் எடை மாறுவதில் ஏறத்தாழ 40 முதல் 70 சதவீதம் வரை மரபணுவின் பங்கு என்கின்றன. அதுக்கு மேல பிசிஓடி, தைராய்டு, ஸ்டீராய்டு மாத்திரை, இன்சுலின், சில மனநல மருந்துகள், பிரசவம், நைட் டியூட்டி எல்லாம் சேரும். சாப்பாடும் நடையும் முக்கியம்தான். ஆனா முழுக்கதையும் அதுல இல்லை.

7/
டாக்டரோட உடம்பைப் பார்த்து மக்கள் எடை போடறாங்களா? ஆமா. 2013-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், குண்டான டாக்டர் என்றால் நம்பிக்கை குறையும், அவர் சொல்வதைக் கேட்க மனசு வராது என்று மக்கள் கூறினார்கள். அப்படிச் சொன்னவர்களில் குண்டானவர்களும் இருந்தார்கள்! குண்டு டாக்டரைக் குண்டான நோயாளியே நம்பலை.

8/
ஆனா அது கற்பனையில ஒரு டாக்டரை நினைச்சுச் சொன்ன பதில். அதே 2013-ல் இன்னொரு ஆய்வு, அதிக எடை உள்ள நோயாளிகளிடம் அவர்களுடைய சொந்த டாக்டரைப் பற்றிக் கேட்டது. கொஞ்சம் எடை கூடின டாக்டரிடம் போகிறவர்களில் 87 சதவீதம் பேர் அவருடைய உணவு ஆலோசனையை நம்பினார்கள். ஒல்லியான டாக்டரிடம் போகிறவர்களில் 77 சதவீதம்தான். நமக்குத் தெரிஞ்ச ஆளா இருந்தா, "இவருக்கும் நம்ம கஷ்டம் தெரியும்"னு தோணுது போல.

9/
அதே ஆய்வுல எங்களுக்கும் ஒரு குட்டு இருக்கு. மிகவும் குண்டான டாக்டர்களிடம் போனவர்களில் 32 சதவீதம் பேர், டாக்டர் எடையை வைத்துத் தங்களைக் குறைவாக மதிப்பிடுவதாக உணர்ந்தார்கள். ஒல்லி டாக்டர்களிடம் அது 14 சதவீதம். தன் உடம்பு மேல இருக்கிற கோபத்தை எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்க மேல காட்டினா இப்படித்தான் ஆகும்னு நான் நினைக்கிறேன்.

10/
என்னைத் தூங்கவிடாத எண் இது. 2012-ல் 500 அமெரிக்க டாக்டர்களிடம் கேட்டதில், சரியான எடையில் இருப்பவர்களில் 30 சதவீதம் பேர் பருமனான நோயாளிகளிடம் எடைக் குறைப்பு பற்றிப் பேசுவதாகச் சொன்னார்கள். எடை கூடிய டாக்டர்களில் 18 சதவீதம்தான். அதாவது குண்டான டாக்டர் வாயை மூடிக்கிறார். "நாமளே இப்படி இருக்கோம், எந்த முகத்தோட சொல்றது?"

11/
இந்த மௌனத்தை நான் நேர்லயே பார்த்திருக்கேன். லால்குடி பக்கம் ஒரு கிராமத்துல வேலை பார்க்கிற நர்ஸ் அக்கா. நல்ல உழைப்பாளி, வெயில்ல வீடு வீடா நடக்கிறவங்க, கொஞ்சம் பருமன். ஒரு தடவை என்கிட்ட சொன்னாங்க: "பிரஷர், சுகர், மாத்திரை எல்லாம் பேசுவேன் மேடம். எடையைப் பத்தி மட்டும் வாயே திறக்கறதில்லை. ஒரு வீட்டுல 'உன்னைப் பாரு மொதல்ல'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. அதோட விட்டுட்டேன்."

12/
அந்தப் பக்கத்து ஊர்ல இருந்து 34 வயசு ஆட்டோ ஓட்டுநர் ஒருத்தர் எங்க ஓபிக்கு வந்தார். 98 கிலோ. கால்ல புண் ஆறலைன்னு வந்தவருக்கு சுகர் 412. "தம்பி, எடையைக் குறைக்கச் சொல்லி யாரும் சொல்லலையா?"ன்னு கேட்டேன். "இல்லைங்க மேடம், பிரஷர் மாத்திரை போடச் சொன்னாங்க"ன்னார். ஒரு வீட்டுல சொன்ன ஒரு வார்த்தை எத்தனை வீட்டு வாசல்ல ஒரு அறிவுரையைத் தடுத்திருக்கும்னு அன்னிக்கு நினைச்சேன். அந்த அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை.

13/
கணக்கையும் பாருங்க. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 40.4 சதவீதப் பெண்களும் 37 சதவீத ஆண்களும் பிஎம்ஐ 25-ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். அதற்கு முந்தைய 2015-16 கணக்கில் இது 30.9, 28.2. நர்ஸ், டாக்டர், அங்கன்வாடி ஊழியர் எல்லாரும் இதே ஜனங்கள்ல இருந்து வந்தவங்கதான். ஒல்லியா இருக்கிறவங்க மட்டும்தான் பேசணும்னா, பத்துல நாலு பேர் வாயைக் கட்டிடுவோம்.

14/
அடுத்தது, "ஃபிட்டா தெரியறது"ன்னா என்ன? சித்திரை வீதியில காலையில நடக்கிற மாமா ஒருத்தர். 58 வயசு, குச்சி மாதிரி உடம்பு, சுத்த சைவம். "எனக்கெல்லாம் சுகர் வராதும்மா, பாரு என் உடம்பை"ன்னு சொல்வார். ஒரு நாள் வற்புறுத்தி டெஸ்ட் எடுக்க வெச்சேன். ஹெச்பிஏ1சி 9.2. ஒல்லியான கை, கால். வேட்டிக்கு மேல மட்டும் சின்னதா ஒரு தொப்பை.

15/
இதுக்குப் பேர் பெற்ற ஒரு படமே இருக்கு. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்துல பக்கத்துல நின்னு எடுத்த படம், 2004-ல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே: 22.3. உடம்பில் இருந்த கொழுப்பு பிரிட்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். வெளித்தோற்றத்தை வெச்சு முடிவெடுக்கிறதுல நம்ம ஊர்க்காரங்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

16/
இதுக்கு நேர் எதிர் ஸ்டீவன் பிளேர். உடற்பயிற்சி ஆய்வில் உலகப் பெயர் பெற்றவர், 2023-ல் காலமானார். 1989-ல் 13,000 பேருக்கு மேல் தொடர்ந்து கவனித்து, உடல் தகுதி குறைந்தவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்று காட்டியவர். அவரே குட்டை, குண்டு, வழுக்கை. "ஓட ஆரம்பிச்சப்பவும் இப்படித்தான் இருந்தேன், பல வருஷம் ஓடின பிறகும் இப்படித்தான் இருக்கேன்"ங்கிற மாதிரி தன்னையே கிண்டல் பண்ணிப்பார். இவரை ஓபி ஸ்டூல்ல உட்கார வெச்சா நாம என்ன சொல்லியிருப்போம்?

17/
நம்ம சென்னையிலயே ஒரு சான்று இருக்கு. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிய குழுவில் 39.3 சதவீதம். இதுல கவனிக்க வேண்டியது, அந்தக் குழுவுக்கு எடை பெரிசா குறையவே இல்லை. வெளியில இருந்து பார்த்தா ஒரு மாற்றமும் தெரிஞ்சிருக்காது.

18/
அதுக்காக "குண்டா இருந்தா பரவாயில்லை"ன்னு நான் சொன்னதா எடுத்துக்காதீங்க. பரவாயில்லைன்னு இருக்க முடியாது. முழங்கால், கொழுப்புக் கல்லீரல், தூக்கத்துல மூச்சுத் திணறல், இதயம், சில புற்றுநோய்கள் எல்லாத்துக்கும் எடைக்கும் தொடர்பு உண்டு. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இடுப்புச் சுற்றளவு தாண்டினா எச்சரிக்கை மணி. இதைச் சொல்றது குண்டான டாக்டரா இருந்தாலும் மணி மணிதான்.

19/
"அப்போ முன்மாதிரியே வேண்டாமா?"ன்னு கேப்பீங்க. வேணும். 2021-ல் சுகாதாரத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற மா.சுப்பிரமணியன் நூறுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்கள் ஓடியவர். ஒவ்வொன்றும் 21.1 கி.மீ. விபத்துல அடிபட்டு மீண்டு வந்தவர். தனக்கு சர்க்கரை நோய் இருக்கிறதையும் வெளிப்படையா சொன்னவர். 2023 நவம்பர் 4 அன்று மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதைகளோடு 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் தொடங்கியபோது, சொல்றவரே ஓடறவர்ங்கிறது அதுக்கு ஒரு மரியாதையைக் கொடுத்துச்சு. அரசியலை விடுங்க, இதை ஒத்துக்கத்தான் வேணும்.

20/
ஆனா முன்மாதிரி வேற, நிபந்தனை வேற. ஓடற ஒருத்தரைப் பார்த்து நாலு பேர் நடக்க ஆரம்பிச்சா நல்லது. ஓடாதவங்க யாரும் பேசவே கூடாதுன்னா அந்த ஆட்டோக்காரத் தம்பிக்கு யார் சொல்றது? அவருடைய தெருவுக்கு மாரத்தான் ஓடறவர் வரமாட்டார். நர்ஸ் அக்காதான் வருவாங்க.

21/
உடம்பைக் கேள்வி கேக்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. தன் உடம்பையே விளம்பரமா காட்டி பவுடரும், ஷேக்கும், 30 நாள் பேக்கேஜும் விக்கிறவங்க. அங்கே "முன்னே-பின்னே" போட்டோதான் சாட்சி. அந்த ஆளுக்கு வயசு என்ன, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி, வேற என்ன மருந்து போடறார்னு போட்டோ சொல்லாது. தைராய்டு நோய் இல்லாதவங்க எடைக்காக தைராய்டு மாத்திரை போடறதையும் பார்க்கிறேன். இதயம் படபடக்கும், எலும்பு தேயும். போட்டோவுல ஒல்லியாத்தான் தெரிவாங்க.

22/
சரி, எடை குறைக்க அறிவுரை சொல்றவரை எப்படித்தான் எடை போடறது? நான் என் வீட்டுக்காரங்களுக்குச் சொல்ற அஞ்சு கேள்வி:

• என் வயசு, நோய், போடற மாத்திரை எல்லாத்தையும் கேட்டாரா?
• என்ன சமைக்கிறோம், வேலை எத்தனை மணிக்குன்னு கேட்டாரா?
• அவர் சொல்றதுல அவருக்கு விக்க ஏதாவது பொருள் இருக்கா?
• ஒரு மாசத்துல 10 கிலோன்னு சொல்றாரா, இல்ல ஆறு மாசத்துல 5 சதவீதம்னு சொல்றாரா?
• குறையலைன்னா திட்டுவாரா, கூட உட்கார்ந்து யோசிப்பாரா?

இந்த அஞ்சுல எதுக்கும் அவரோட இடுப்பளவு தேவைப்படலை பாருங்க.

23/
டாக்டர் நண்பர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஒரு வார்த்தை. 2000-ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகக் குழு ஒரு சோதனை செய்தது. ஒரே டாக்டர், ஒரே அறிவுரை, இரண்டு வீடியோ. ஒன்றில் மட்டும் அவர் தன் சொந்த உணவு, உடற்பயிற்சிப் பழக்கத்தைப் பற்றி அரை நிமிடம் கூடுதலாகச் சொல்வார். மேசையில் ஓர் ஆப்பிளும் சைக்கிள் ஹெல்மெட்டும் தெரியும். அந்த வீடியோவைப் பார்த்தவர்கள்தான் அவரை அதிகம் நம்பினார்கள். உடம்பு சொல்லாததை வாய் சொல்லலாம்.

24/
நான் இப்போ அதைத்தான் செய்யறேன். பாட்டி கேட்டா சிரிச்சுக்கிட்டே சொல்றேன்: "ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் 81 கிலோ பாட்டி. சுகர் வாசல்ல நின்னேன், ஹெச்பிஏ1சி 5.9. வாரத்துல அஞ்சு நாள் சித்திரை வீதியில அரை மணி நேரம் நடக்கிறேன், ராத்திரி சோத்தைப் பாதியாக்கிட்டேன். இப்போ 76. சுகர் 5.6. இன்னும் குண்டுதான், ஆனா கணக்கு மாறியிருக்கு." 81-ல் 5 கிலோன்னா 6 சதவீதம். உங்க கண்ணுக்குத் தெரியாது. என் கணையத்துக்குத் தெரியும்.

25/
இதைச் சொன்னதும் பெரும்பாலும் அடுத்த கேள்வி, "பாதி சோறுன்னா பசிக்காதா?" அப்புறம் பேச்சு பொரியல், சுண்டல், முட்டைன்னு போகுது. ஓபியில வரிசை நீண்டாலும் அந்த ரெண்டு நிமிஷத்தை நான் விட்டுக்கொடுக்கிறதில்லை. அந்த நர்ஸ் அக்காகிட்டயும் இதையே சொன்னேன்: "ஒரு நாளைக்கு எத்தனை வீடு நடக்கறீங்கன்னு முதல்ல அதைச் சொல்லுங்க அக்கா. அப்புறம் எடையைப் பத்திப் பேசுங்க." திரும்பப் பேச ஆரம்பிச்சிருக்காங்க. எல்லா வீட்லயும் இல்லை. சில வீட்ல.

26/
அதனால அடுத்த தடவை உங்க டாக்டரோ நர்ஸோ எடையைப் பத்திப் பேசினா, "நீங்க என்ன பண்றீங்க?"ன்னு தாராளமா கேளுங்க. பதில் சொல்ல வேண்டியது எங்க பொறுப்பு. "உங்களைப் பாருங்க முதல்ல"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவங்க அடுத்த வீட்டுல பேசாம வந்துடுவாங்க. அந்த அடுத்த வீட்டுல யார் இருக்காங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

27/
வீட்டுல இஞ்ச் டேப் இருந்தா இன்னிக்கே தொப்புள் உயரத்துல சுத்தி அளந்து பாருங்க. வயித்தை உள்ளே இழுக்கக் கூடாது! 30 வயசு தாண்டியிருந்தா பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல பிரஷரும் சுகரும் இலவசமா பார்த்துக்கோங்க. ஒல்லியா இருக்கிறவங்களும்தான். சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டியூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன்.