சர்வருக்கும் உண்டு கட்டுக்குத்தகை

நம்ம தாமிரபரணிப் பக்கம் வயலை இரண்டு விதமாக எடுப்பார்கள். வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. கட்டுக்குத்தகை என்றால் கார் பொய்த்தாலும் பேசியதை அளந்தே ஆகணும்.

கிளவுட் சர்வரிலும் இந்தக் கட்டுக்குத்தகை உண்டுங்க. அமேசான் 2009-ல் ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ், 2019-ல் சேவிங்ஸ் பிளான் என்று கொண்டுவந்தது. 1 அல்லது 3 வருஷத்துக்கு வாக்குக் கொடுத்தால் 72 சதவீதம் வரை தள்ளுபடி. ஆனால் சர்வர் சும்மா கிடந்தாலும் பில் வரும்.

காமர்ஸ்காரன் கணக்குப் போடாமல் இருப்பேனா? மணிக்கு 10 ரூபாய் சர்வர், 40 சதவீதத் தள்ளுபடியில் 6 ரூபாய் என்று வைப்போம். 100 மணி நேரத்துக்கு 600 ரூபாய் கட்டியாச்சு. தள்ளுபடி இல்லாமலே அந்தக் காசுக்கு 60 மணி ஓட்டலாம். ஆக, 60 மணிக்குக் கீழே ஓடினால் தள்ளுபடியே நஷ்டம்!

அதனால் நடுராத்திரியிலும் ஓடியே தீரும் அளவுக்கு மட்டும் வாக்குக் கொடுப்பது நல்லது. தீபாவளிக் கூட்டத்துக்கு மணிக்கணக்கு வாடகை போதும். முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கணும். மறந்தால் மறுநாளே முழு விலை.

தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவுக்குச் சொந்த டேட்டா சென்டர்கள். அதாவது சொந்த நிலம். எல்லாருக்கும் அது கட்டுப்படியாகாது.

இன்னொன்று. இந்த வாக்கு பேலன்ஸ் ஷீட்டில் கடனாகத் தெரியாது. பின்னால் வரும் குறிப்புகளில் 'கமிட்மென்ட்ஸ்' என்று ஒளிந்திருக்கும். பரீட்சைக்கு நாம் தாண்டிப் போகும் பக்கம்தான் அது :-)