கழுத்தின் கருமை

மக்கட்பேற்றைப் பேறுகளுள் தலையாயதாகப் போற்றிவந்த மரபு நம்முடையது. வள்ளுவப் பெருந்தகை அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும், அப்பேறு வாய்க்கத் தாமதமாகும்போது, தாமதத்தின் பழியை இருவருள் ஒருவர் தலையில் மட்டுமே ஏற்றிவைப்பதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அப்பழி ஒன்பதாண்டுக் காலம் குடியிருந்த இல்லம் எங்களுடையது. ஆதலின் இக்கட்டுரையைக் கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம்.

1999-இல் எங்களுக்குத் திருமணம் நடந்தது. அவ்வாண்டே புனே நகருக்குக் குடிபெயர்ந்தோம். எங்களுள் மனைவிக்கு மாதவிலக்கு என்றுமே ஒழுங்காக வந்ததில்லை. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை வரும். சில வேளை நான்கு மாதமும் ஆகும். நாள் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை முளைக்கும். ஊருக்குக் கடிதம் எழுதலாமா என்று யோசிப்போம். பிறகு அது வாடிப்போகும். உடலில் ஏதோ சரியில்லை என்பதற்கு அடையாளமாக இருந்த ஒன்றையே நற்செய்தி என்று எத்தனையோ முறை கொண்டாடியிருக்கிறோம்.

இன்னொரு அடையாளமும் இருந்தது. மனைவியின் பிடரியில் பட்டை போலக் கருமை படர்ந்திருந்தது. ஊரிலிருந்து வந்து தங்கும் மாமியார் அதைக் கண்டு, "ஏம்மா, கழுத்தைக் கொஞ்சம் அழுந்தத் தேய்ச்சுக் குளிக்கப்படாதா?" என்பார். பயத்தமாவும் எலுமிச்சைத் தோலும் கொண்டு தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணானதேயன்றிக் கருமை நீங்கவில்லை. பிள்ளை பெறாதவள் என்ற சொல்லோடு, அழுக்கானவள் என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது.

திருக்கருகாவூர் சென்று கர்ப்பரட்சாம்பிகையின் சந்நிதியில் நெய்ப் பிரசாதம் பெற்றுவந்து, நாற்பத்தெட்டு நாளும் இருவரும் உண்டோம். கோயிலில் கணவன், மனைவி இருவரையும்தான் உண்ணச் சொன்னார்கள். அந்த நியாயம் மருத்துவமனை வாயில் வரை எங்களோடு வரவில்லை. தன்னைச் சோதித்துக்கொள்ள எங்களுள் கணவன் நான்கு ஆண்டுகள் உடன்படவில்லை. அலுவலக வேலை, ஆடிட் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. உண்மைக் காரணம் அச்சம் என்பதை இன்று எழுத்தில் ஒப்புக்கொள்கிறோம்.

2006-இல் ஒரு மருத்துவ அம்மையாரிடம் சென்றோம். அவர் எங்கள் கோப்பைத் திறப்பதற்கு முன் மனைவியின் பிடரியைத்தான் பார்த்தார். "இது அழுக்கில்லை, இன்சுலின் எழுதிய குறிப்பு" என்றார். இரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மிஞ்சி இருந்தால் தோலின் உயிரணுக்கள் மிகுதியாகப் பெருகிக் கழுத்திலும் அக்குளிலும் இவ்வாறு தடித்துக் கறுக்கும் என்று விளக்கினார். சோதனைகள் அவர் கூற்றை உறுதிப்படுத்தின. சர்க்கரையின் அளவு சரியாகவே இருந்தது. அதனைச் சரியாக வைத்திருக்கக் கணையம் பட்ட பாடுதான் பெரிதாக இருந்தது.

அவர் சொன்ன உவமை மறக்கவொண்ணாதது. ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறோம்; உள்ளிருப்பவருக்குக் காது மந்தம். மேலும் மேலும் பலமாகத் தட்டுகிறோம். அவர் ஒருவாறு எழுந்து வருவதற்குள் பக்கத்து வீட்டார் அனைவரும் விழித்துக்கொள்கின்றனர். காது மந்தமானவை தசையும் கல்லீரலும். விழித்துக்கொள்ளும் பக்கத்து வீடு சினைப்பை. மிகுந்த இன்சுலினால் தூண்டப்பட்டுச் சினைப்பை ஆண்தன்மைக்குரிய ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. அவற்றைக் கட்டி அடக்கிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகவே உண்டாக்குகிறது. அதனால் முட்டையைத் தாங்கிய நுண்பைகள் பாதி வளர்ந்த நிலையிலேயே நின்றுவிடுகின்றன, முட்டை வெளிவருவதில்லை. நீர்க்கட்டி என்று நாம் அஞ்சுகின்றவை உண்மையில் கட்டிகளே அல்ல. முதிராமல் நின்றுபோன இந்நுண்பைகளேயாம்.

"இவள் ஒல்லிதானே?" என்று கேட்டோம். அம்மையார் புன்னகைத்து, இந்தப் புனே நகரத்து மருத்துவ அறிஞர் சித்தரஞ்சன் யாஜ்னிக் அவர்களின் கதையைச் சொன்னார். அவரும் ஆங்கில நாட்டு அறிஞர் ஜான் யுட்கினும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்று 2004-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. உயரத்திற்கேற்ற எடையைக் காட்டும் சுட்டெண் இருவருக்கும் ஏறத்தாழ 22. உடற்கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9 விழுக்காடு; நம்மவருக்கு 21 விழுக்காடு! ஒல்லியான உடலுக்குள்ளும் கொழுப்பு மறைந்திருப்பது நம் நாட்டவர் பலருக்கும் உள்ள இயல்பு என்பதை அன்றுதான் அறிந்தோம்.

சிகாகோவைச் சார்ந்த ஸ்டெய்ன், லெவென்தால் என்னும் மருத்துவர் இருவர் இக்கோளாறுடைய ஏழு பெண்களைப் பற்றி 1935-இல் எழுதினர். இன்சுலினுக்கும் இதற்கும் உள்ள உறவு துலங்கியதோ 1980-ஐ ஒட்டித்தான். மருத்துவ உலகமே அதைக் காண நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின என்றால், எங்கள் வீட்டுப் பெரியவர்களை மட்டும் நொந்து பயனென்ன?

அன்று அம்மையார் கணவனையும் விடவில்லை. இடுப்பளவு 96 சென்டிமீட்டர். நம்மவர்க்கு 90-ஐத் தாண்டுவதே எச்சரிக்கை. இன்சுலினுக்குச் செவிசாய்க்காத உடலில் ஆணின் ஹார்மோன் குறையவும், விந்தணுவின் தரம் தாழவும் கூடும் என்றார். நான்காண்டுகள் தள்ளிப்போட்ட சோதனை ஒரே காலையில் முடிந்தது. அணுக்களின் ஓட்டம் குறைவு என்று வந்தது. அன்றிரவு எங்கள் வீட்டில் நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு கணவன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டான்.

மறுநாளிலிருந்து பர்வதிக் குன்றின் 103 படிகளை இருவரும் சேர்ந்து ஏறினோம். குவித்துவைத்த சோற்றின் இடத்தில் சோளப் பாக்ரியும் முளைகட்டிய பயற்றுக் கூட்டும் வந்தன. மெட்ஃபார்மின் மாத்திரையும் தரப்பட்டது. ஆனால் அதனையே முழுதும் நம்பியிராதீர்கள் என்று அம்மையார் எச்சரித்தார். 2007-இல் அமெரிக்காவில் 626 பெண்களைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வொன்று வெளியாயிற்று. அதில் மெட்ஃபார்மின் மட்டும் உண்டவர்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே குழந்தை பெற்றனர். முட்டை வெளிவரத் தூண்டும் குளோமிஃபீன் உண்டவர்களில் 22 விழுக்காட்டினர் பெற்றனர். எங்களுக்கும் பின்னர் குளோமிஃபீன் தரப்பட்டது. 2008-இல் எங்கள் மகள் பிறந்தாள். படியா, பாக்ரியா, மருந்தா, அம்பிகையின் அருளா எனக் கேட்பவர்க்கு எங்களிடம் விடையில்லை. நான்கையும் இருவருமாகவே செய்தோம் என்பது ஒன்றே தெரியும்.

இக்கோளாறு கருவுறும் வயதுப் பெண்களில் 100-க்கு 6 முதல் 13 பேர் வரை காணப்படுவதாக உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் தமக்கு அஃது இருப்பதையே அறியார். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் வாய்ப்பு மிகுதி. எங்கள் மகள் பதின்மூன்று வயதை எட்டியபோது, அவள் பிடரியிலும் மெல்லிய நிழல் ஒன்று விழக் கண்டோம். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி பயத்தமாவுக் கிண்ணத்தை எடுத்துவிட்டார். நாங்கள் அவரை அமர்த்தி, கதவு தட்டும் கதையை முதலிலிருந்து சொன்னோம். கேட்டு முடித்தவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மருமகளின் கழுத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"வலிச்சிருக்குமே, அம்மா" என்றார்.

மறுநாட்காலை நாங்கள் மூவரும் குன்றேறினோம். பாட்டி அடிவாரத்தில் அமர்ந்து காத்திருந்தார்.